தேக்கா, வாகையா, பூவரசா? செதுக்கு வேலைக்கு மரம் எடுக்கும் முன்

வீட்டுக்கு வந்து வேலை சொல்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் எடுத்த எடுப்பிலேயே மரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். “தேக்குலதான் சார் வேணும்.” என்ன உருவம், எங்கே மாட்டப்போகிறார்கள், எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அப்புறம்தான் வருகிறது.

நான் ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. வேலையில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை மட்டும் உளி பிடித்தேன். இப்போது மதுரை திருப்பாலை வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை, அதாவது பதினொன்றரை வரை வேலை. வருடத்துக்குப் பத்து, பன்னிரண்டு வேலைக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. பெயர்ப்பலகை, பூஜை அறைக் கதவுக்கான பலகை, சுவரில் மாட்டும் கஜலட்சுமி, ஊஞ்சல் பலகைக்குக் கொடிக்கருக்கு என்கிற கொடி வேலைப்பாடு, இப்படித்தான் வரும். இந்த ஏழு வருடத்தில் தேக்கு, வாகை, பூவரசு மூன்றிலும் போதுமான அளவு செதுக்கியிருக்கிறேன். என்னைப் போல ஓய்வுக்குப் பிறகு காசுக்கு வேலை எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும்.

தேக்கின் பெருமை எல்லாம் நியாயமானதுதான். மதுரை மாதிரி ஊரில் மரத்துக்கு வரும் சோதனை பெரியது. சித்திரையில் வறட்டு வெயில் மரத்தைச் சுருக்கும். ஐப்பசி மழையில் அதே மரம் ஈரம் குடித்து ஊதும். இந்தச் சுருக்கமும் ஊதலும் தேக்கில் மிகக் குறைவு. சட்டத்துக்குள் பொருத்திய பலகை வருடம் முழுக்க இறுக்கமாகவும் இராது, ஆடவும் ஆடாது. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. ஆகவே கதவு, நிலை என்று வந்தால் தேக்கோடு போட்டிபோட இங்கே வேறு மரம் இல்லை.

ஆனால் அது கதவு மரம். உளிக்கு உகந்த மரம் என்று நான் சொல்லமாட்டேன். தேக்கை வெட்டிய முனையைப் பார்த்தால் வளையங்கள் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பட்டை துளை துளையாக மென்மையாக இருக்கும், அடுத்த பட்டை கெட்டியாக இருக்கும். ஒரு அன்னத்தின் அலகைச் செதுக்குகிறீர்கள் என்று வையுங்கள். உளி மென்பட்டையில் வழுக்கிக்கொண்டு போய், கெட்டிப்பட்டையில் முட்டி நிற்கும். கொட்டாப்புளியால் இன்னும் கொஞ்சம் தட்டினால் அதையும் தாண்டிப் பாய்ந்துவிடும். அலகின் நுனி ரேகைக்கு, அதாவது மரத்தின் நார் ஓடும் திசைக்கு, குறுக்கே வந்தால் அரிசி மணி அளவு துண்டு படக்கென்று தெறித்துப் போகும். ஒட்டலாம் என்றால், தேக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசையால் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது. ஒட்டும் இடத்தை முதலில் தின்னரால் துடைத்தாக வேண்டும். தேக்குக்குள் மணல் போன்ற சத்தும் இருப்பதால் உளியின் முனை சீக்கிரம் மழுங்கும். ஒரு உள்ளங்கை அளவுத் தாமரையைத் தேக்கில் முடிப்பதற்குள் நாலு தடவை சாணைக்கல்லுக்குப் போகிறேன். அதே தாமரைக்கு வாகையில் இரண்டு தடவை போதும். அறுபது தாண்டிய மணிக்கட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

தேக்கிலேயே பழையதா புதியதா என்று இன்னொரு கேள்வி இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடித்த வீட்டுத் தேக்கு கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்து செட்டிநாட்டு வீடுகளில் வைத்த தேக்கு, காலம் காலமாக நம் வெயிலிலேயே காய்ந்து கிடக்கிறது. இனி அது சுருங்கவும் வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றினால் உடைந்த நிலைச்சட்டம், ஒற்றைக் கதவு, உத்தரத் துண்டு என்று ஏதாவது அகப்படும். மதுரையிலிருந்து பஸ்ஸில் காலையில் போய்விட்டு மாலைக்குள் திரும்பலாம். கையோடு ஒரு காந்தம் கொண்டுபோங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் உளியை இறக்கினால் முனையில் பல் விழும், அதைச் சாணை பிடித்துச் சரிசெய்ய ஒரு காலை போய்விடும். நல்ல பூவேலை இருக்கும் பழைய பலகையை மரத்துக்காக வாங்கி அறுக்காதீர்கள் என்றும் ஒரு வேண்டுகோள். அதைச் செதுக்கிய ஆசாரியின் கைவேலை இனிக் கிடைக்காது.

தோட்டத்தில் வளர்த்து இளசாக வெட்டிய தேக்குதான் இன்று டிப்போக்களில் நிறையக் கிடைக்கிறது. ஓரத்தில் வைரம் பாயாத வெள்ளை அதிகம். அந்த வெள்ளைப் பகுதியில் தேக்கின் குணம் எதுவும் இல்லை, பூச்சி தின்னும். வாங்கும்போது பலகையின் இரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வாகை. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் சிற்பிகள் செய்யும் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் கையாளும் மரங்களில் வாகை முக்கியமானது. ஒரே கட்டையில் முழு உருவத்தையும் எடுக்கிற வேலைக்கு வாகை இடம் கொடுக்கும். மரம் பருமனாக வளர்வதால் இரண்டடி, மூன்றடி உயரக் கட்டை எளிதில் அமையும். பழுப்பு நிறம், தேக்கைப் போல மென்பட்டை கெட்டிப்பட்டை என்ற தொல்லை இல்லை. உருவத்தின் கன்னம், வயிறு, துணி மடிப்பு போன்ற வழவழப்பான இடங்கள் வாகையில் நன்றாக வரும். ரேகை மட்டும் பின்னிக்கொண்டிருக்கும். ஒரு விரல் அகலத்துக்கு ஒரு திசையிலும் அடுத்த விரல் அகலத்துக்கு எதிர்த்திசையிலும் ஓடும். இழைப்புளி போட்டால் பிய்த்துக்கொண்டு வரும், ஆகவே உளியை இரு பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி ஓட்டப் பழக வேண்டும். தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. உப்புத்தாள் போடும்போது மூக்கை மூடிக்கொள்ளாமல் உட்காராதீர்கள்.

வாகையின் உண்மையான சிக்கல் ஈரம். நாலு வருடத்துக்கு முன் அழகர்கோவில் சாலையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இரண்டடி உயர கஜலட்சுமி செய்தேன். டிப்போக்காரர் “ரெண்டு வருஷம் காய்ஞ்ச கட்டைண்ணே” என்றார், நம்பி எடுத்தேன். தை மாதம் கொடுத்தேன். சித்திரையில் அந்த வீட்டு அம்மா போனில் அழைத்தார். போய்ப் பார்த்தால் லட்சுமியின் இடது தோளிலிருந்து தாமரை வரை ஒரு விரிசல், பத்து ரூபாய் நாணயத்தைச் செருகலாம். பூஜைக்கு வைத்த உருவம். அவர் கோபப்படவில்லை. “இதை இப்ப என்ன செய்யிறது சார்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் கேட்கிறது. வேறு கட்டையில் காசு வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன்.

அதிலிருந்து யார் சொல்லையும் நம்புவதில்லை, தராசைத்தான் நம்புகிறேன். கட்டை வந்ததும் இரண்டு முனையிலும் மெழுகோ மிச்சப் பெயின்டோ பூசிவிடுகிறேன். ஈரம் முனை வழியாக வேகமாக வெளியேறுவதால்தான் அங்கே முதலில் வெடிக்கிறது. கிராமத்தில் இதற்கே சாணம் பூசி வைப்பார்கள். பிறகு நிழலில் போட்டு, வாரம் ஒருமுறை எடை பார்த்து, தேதியோடு பென்சிலால் கட்டையிலேயே எழுதுகிறேன். ஒரு மாதம் எடை மாறாமல் நின்றால்தான் உளி வைப்பேன். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, அதை மனதில் வைத்துக்கொண்டால் அவசரம் வராது. மரத்தின் நடு மையம் உள்ளே இருக்கும் கட்டையை எடுக்கவே கூடாது, அது எவ்வளவு காய்ந்தாலும் வெடிக்கும். கனமான உருவத்துக்குப் பின்பக்கத்தைக் குடைந்து விட்டால் இன்னும் பாதுகாப்பு.

பூவரசுக்கு வருகிறேன். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதை மறைக்க விரும்பவில்லை. வயல் ஓரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் வேலிக்கு நட்ட மரம். மரம் தானே என்று அடுப்புக்கு வெட்டிப் போடுகிறார்கள். உள்ளே வைரம் கருஞ்சிவப்பு. நன்றாகத் தீட்டிய வளைவு உளியை ரேகையோடு ஓட்டினால் சீவல் நீளமாகச் சுருண்டு வரும். வெட்டிய தடம் உப்புத்தாளே படாமல் மினுங்கும். மயிலிறகின் கண், மல்லிகை மொட்டின் காம்பு, எழுத்தின் சுழி, இப்படி நூல் கனத்துக்கு இறங்கும் வேலையில் ஓரம் உதிராமல் நிற்கும். தேக்கை விடக் கனமான, கெட்டியான மரம்தான், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கெட்டி. உளிக்கு அடுத்து என்ன வரும் என்று கைக்கு முன்கூட்டியே தெரியும். தேக்கில் அந்த நிம்மதி கிடைப்பதில்லை.

குறை என்றால் அளவுதான். மரம் வளைந்து நெளிந்து வளரும், கணு அதிகம். என் கைக்கு வந்ததில் வைரம் ஏழு அங்குல அகலத்தைத் தாண்டியதில்லை. மரக்கடையில் கேட்டால் சிரிப்பார்கள். ஊர்ப்பக்கம் சொல்லி வைத்து, யார் வீட்டிலாவது மரம் சாய்ந்தால் போய் வாங்கி வர வேண்டும். ஆகவே பெட்டி மூடி, சின்னப் பெயர்ப்பலகை, விளக்கு மாடத்தின் பக்கப் பலகை, கைப்பிடி போன்றவற்றுக்குப் பூவரசு.

மற்ற மரங்களையும் கேட்பார்கள். இலுப்பை தேர் வேலைக்குப் பேர்போன மரம். கீழமாசி வீதித் தேர்முட்டியில் நின்று தேரின் அடிப்பாகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆழமான வெட்டுக்குக் கை ஏங்கும், ஆனால் அந்த மாதிரிக் கனமான மரத்தைத் தூக்கிப் புரட்ட வீட்டில் ஆள் வேண்டும். வேங்கை ஈரம் பட்டால் மஞ்சள் கறை விடும், வெள்ளைச் சுவரில் மாட்டாதீர்கள். வேம்பைப் பூச்சி தொடாது, ஆனால் பாலிஷ் சரியாக ஏறாது. அம்மன் மரத்தில் உளி வைக்க வேண்டாம் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. ஈட்டி மரத்துக்குச் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. கணக்கில் வராத துண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

விலையைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மரம் கன அடியில் விற்கிறது, ஒரு கன அடி என்பது 1,728 கன அங்குலம். 24 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 2 அங்குலக் கனமுள்ள பெயர்ப்பலகை 432 கன அங்குலம், அதாவது கால் கன அடி. அதில் எழுத்தும் ஓரத்தில் கொடியும் செதுக்க எனக்குப் பன்னிரண்டு காலை ஆகும். அந்தப் பன்னிரண்டு காலைக்கு நியாயமான கூலி போட்டுப் பார்த்தால், கால் கன அடி தேக்குக்கும் வாகைக்கும் உள்ள விலை வித்தியாசம் மொத்தத்தில் சின்னப் பங்குதான். சின்ன வேலைக்கு மரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். பூஜை அறைக் கதவு என்றால் கதை மாறும். அங்கே மரமே பல கன அடி போகும். அப்போது நான் சொல்லும் வழி, சட்டம் தேக்கு, நடுவில் பொருத்தும் செதுக்குப் பலகை வாகை. வாகைப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள், அதாவது பலகை நுழைய வெட்டிய பள்ளத்துக்குள், பசை போடாமல் நிறுத்த வேண்டும், ஊதிச் சுருங்க இடம் இருக்கும்.

கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷினில் செதுக்கிய கதவு ஒரே நாளில் கிடைக்கிறதே என்று கேட்கிறவர்களிடம் வாதாடுவதில்லை. ஒரே மாதிரி இருபது கதவு வேண்டுமென்றால் மெஷின்தான் சரி. உங்கள் பாட்டி கைப்பட எழுதிய பெயரை அதே சுழியோடு மரத்தில் ஏற்ற வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள் என்பேன்.

இப்போதெல்லாம் மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்று துண்டுகளை மேஜையில் வைத்துவிடுகிறேன். உள்ளங்கை அளவு, மூன்றிலும் ஒரே தாமரை இதழ், ஒரே உளி. போன வாரம் ஒத்தக்கடையிலிருந்து வந்த தம்பதியோடு அவர்களுடைய அத்தையும் வந்திருந்தார். தம்பதி தேக்கைக் கையில் எடுத்தார்கள். அத்தை பூவரசுத் துண்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது எங்க வீட்டுக் கொல்லையில நின்ன மரம்ல?” என்றார். அவர்கள் கேட்டது பதினைந்து அங்குல அகலத்தில் அன்னமும் கொடியும். அந்த அகலத்துக்குப் பூவரசு கிடைக்காது என்று சொன்னேன். கடைசியில் பலகை வாகையில், நடுவில் பதிக்கும் அன்னம் மட்டும் பூவரசில் என்று முடிவாயிற்று. வாகைக் கட்டை இன்றைக்கு 11 கிலோ 400 கிராம். போன வாரம் 11 கிலோ 650. இன்னும் காய வேண்டும்.