நெல்வயல் பார்க்க நோட்டோவரை போகலாமா? ஷிரோயோனே சென்மைடா பற்றி ஒரு மதிப்பீடு

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்லும் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் டோக்கியோ, ஃபூஜி மலை, கியோத்தோ, ஒசாக்கா என்னும் வழக்கமான தடத்திலேயே போய் வருகின்றன. அந்தத் தடத்தை விட்டு விலகி, ஜப்பான் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நோட்டோ தீபகற்பத்தில், வாஜிமா நகரை அடுத்துள்ள ஷிரோயோனே சென்மைடா என்னும் அடுக்கு வயல்களை 2025 மே மாதத்தில் பார்த்து வந்தோம். கோலாலம்பூரிலிருந்து அவ்வளவு தூரம் போய், நெல்வயலைப் பார்ப்பதற்காகப் பணத்தையும் விடுமுறையையும் செலவிடுவது தகுமா என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். தகும் என்பதே என் பதில். ஆனால் பேருந்தை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு கிளம்பும் பயணமாக இருந்தால் தகாது.

நம்மவர்களுக்கு நெல்வயல் என்றால் சிலாங்கூரின் செகிஞ்சான்தான் நினைவுக்கு வரும். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை சமதளம், நேர்கோடாக ஓடும் வாய்க்கால், ஆண்டுக்கு இரண்டு போகம். சென்மைடாவில் இவற்றில் ஒன்றும் கிடையாது. ஏறத்தாழ 4 ஹெக்டேர் மட்டுமே உள்ள செங்குத்தான சரிவில் 1,004 வயல்கள், ஒன்றின் தோளில் ஒன்றாக, கடல் அலை தொடும் விளிம்புவரை இறங்குகின்றன. பெரிய வயல்கள்கூட நம் கண்ணுக்குப் பாத்தி அளவுதான். மிகச் சிறியவற்றை ஒரு தலைவாழை இலையால் மூடிவிடலாம். வயல்களை எண்ணிப் பார்த்த உழவர் ஒருவர், ஒன்று குறைகிறதே என்று தேடிவிட்டு, கழற்றிப் போட்டிருந்த வைக்கோல் மழையங்கியை எடுத்தபோது அதன் அடியில் அந்த வயல் இருந்ததாக அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். நேரில் பார்த்தால் அதை மிகை என்று தள்ளத் தோன்றாது. 2001இல் ஜப்பான் அரசு இந்த இடத்தைத் தேசிய எழிலிடமாக அறிவித்தது. 2011இல் நோட்டோவின் வேளாண் நிலக்காட்சி முழுவதையும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது.

இணையத்தில் பரவியிருக்கும் படங்களை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜனவரி 1ஆம் தேதி நோட்டோவை உலுக்கிய 7.6 அளவிலான நிலநடுக்கத்தில் இந்த வயல்களில் பெரும்பாலானவை வெடித்துப் பிளந்தன. அந்த ஆண்டு சுமார் 120 வயல்களில் மட்டுமே நடவு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொட்டிய பெருமழையில் சரிவு மீண்டும் சேதமடைந்தது. நாங்கள் போன ஆண்டில் நடவு கண்டவை ஏறத்தாழ 250. ஆகவே வானத்தைப் பிரதிபலிக்கும் ஆயிரம் கண்ணாடித் துண்டுகளை எதிர்பார்த்துச் சென்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எனக்கோ, அந்த அரைகுறை நிலைதான் பார்க்க வேண்டிய காட்சியாகப் பட்டது. அடுக்கு வயலில் தண்ணீர் மேலிருந்து மடைவழியாக ஒவ்வொரு வயலாக இறங்கி வர வேண்டும். நடுவில் ஒரு வரப்பு கசிந்தாலும் ஒரு வயலின் அடித்தளம் பிளந்தாலும் அந்த வயல் தண்ணீரைத் தாங்காது, அதற்குக் கீழே உள்ளவையும் தவிக்கும். வெடிப்பை மண்ணிட்டு நிரப்பினால் மட்டும் போதாது. அடிமண்ணை மிதித்து இறுக்கி, வரப்புக்குச் சேறு பூசி, வயலின் இரு ஓரங்களும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி சமன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் நாற்று மூழ்க மறுபக்கம் காயும். டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் இடமில்லாத சரிவில் இவ்வளவையும் மனிதக் கைகளே செய்கின்றன. நீர் நிறைந்த வயலும், புல் மண்டிய வயலும், பிளவு தெரியும் வயலும் அருகருகே கிடப்பதைப் பார்க்கும்போது, முழுமையான அழகில் மறைந்துபோகும் இந்த உழைப்பு தெளிவாகத் தெரிகிறது.

உள்ளூர் உழவர்கள் மூப்படைந்து குறைந்துவரும் நிலையில், 2007 முதல் நடந்துவரும் வயல் உரிமையாளர் திட்டம் இங்கே முக்கியமான தூண். வெளியூர்க்காரர்கள் சந்தா செலுத்தி ஒரு வயலை ஏற்றுக்கொண்டு, நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் வந்து கைகொடுக்கிறார்கள். பார்வையாளர்கள் அதற்கென உள்ள பாதையில் மட்டுமே நடக்க வேண்டும். படத்துக்காக வரப்பில் ஏறுவது அநாகரிகம் என்பதை நம்மவர்களுக்குச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

பயண ஏற்பாட்டைப் பொறுத்தவரை, பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் அணுகிய முகவர் ஒருவர் கொடுத்த குழுப் பயணத் திட்டத்தில் சென்மைடாவுக்கு முக்கால் மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. விலையோ தனியாகப் போவதைவிட அதிகம். அதை விட்டுவிட்டு, டோக்கியோவிலிருந்து ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் கனசாவா சென்று, அங்கே வாடகைக் கார் எடுத்தோம். வாஜிமாவுக்கு ரயில் சேவை 2001லேயே நின்றுவிட்டது என்பதால் பேருந்து அல்லது கார்தான் வழி. மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி செல்லும்; நம் நாட்டைப் போலவே இடப்பக்கம் ஓட்டுவதால் பயமில்லை. தீபகற்பத்தின் நடுவே செல்லும் சாலைக்குக் கட்டணமும் இல்லை, ஆனால் நிலநடுக்கத்துக்குப் பின் அது பல இடங்களில் அலைபோல் ஏறி இறங்குவதால் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் இல்லாதவர்கள் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலிருந்து நோட்டோ விமான நிலையத்துக்கே பறந்துவிடலாம்.

உணவுதான் பலவீனமான பகுதி. சைவர்களுக்கு உப்பிட்ட வெறும் சோற்று உருண்டையைத் தவிர நம்பி உண்ணக்கூடியது குறைவு, ஏனெனில் காய்கறிக் குழம்பின் அடிச்சாற்றிலும் மீன் இருக்கும். ஆனால் அந்தச் சோறு நல்ல சோறு. குளிர்ந்த பின்னும் மென்மை குறையவில்லை. இதே கடற்கரையில் கிழக்கே சுசூ பகுதியில், கடல்நீரை மணற்பரப்பில் இறைத்துக் காயவிட்டு, அந்த மணலை அலசிய நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் பழைய முறை இன்னும் பிழைத்திருக்கிறது. அந்த உப்பு ஒரு பொட்டலம் வாங்கி வருவது வீண்செலவல்ல.

எப்போது போகலாம் என்றால், வயல்களில் நீர் நிற்கும் மே மாதம் அல்லது கதிர் சாயும் செப்டம்பர் தொடக்கம். அக்டோபர் முதல் மார்ச் வரை சூரிய மின்விளக்குகளை வரப்புகளில் வைத்து இரவில் ஒளியூட்டும் நிகழ்ச்சி பெயர்பெற்றது. கோலாலம்பூரில் விளக்கு அலங்காரத்துக்குக் குறையா என்ன, அதற்காக மட்டும் குளிரில் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. மே மாதம் போகிறவர்கள் பிற்பகலிலேயே சென்று கடலில் சூரியன் மறையும்வரை இருங்கள். மாலையில் காற்று கடுமையாக வீசும், குளிராடை அவசியம். வாஜிமாவில் தங்குமிடம் இன்னும் குறைவாகவே இருப்பதால், அறை உறுதியான பிறகே விமானச் சீட்டை வாங்குவது நல்லது.