தனுஷ்கோடி பழைய ரயில்வே ஸ்டேஷன்: ஐந்துக்கு மூன்றரை

ராமேஸ்வரம் போகிறவர்கள் தனுஷ்கோடிக்கும் ஒரு எட்டு போய்விட்டுத்தான் வருகிறார்கள், ஆனால் முக்கால்வாசிப் பேர் நேரே ரோடு முடிகிற அரிச்சல்முனைக்குப் போய் செல்ஃபி எடுத்துவிட்டு வந்த வண்டியிலேயே திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான். ஷேர் வேன்காரரிடம் ஸ்டேஷனில் நிறுத்தச் சொன்னால், "அங்க என்ன சார் இருக்கு, வெறும் சுவரு" என்றார். இந்தத் தடவை பஸ்ஸில் போய்ப் பழைய ஊரிலேயே இறங்கிவிட்டேன்.

வெறும் சுவர்தான், பொய்யில்லை. எது ஸ்டேஷன், எது தபால் ஆபீஸ் என்றே விளங்கவில்லை, சங்கு மாலை விற்ற அக்காதான் கை காட்டினார் (ஒன்றரை மார்க் குறைந்தது இதனால்தான்). பூச்சு உதிர்ந்த இடத்தில் உப்பு அரித்து, தொட்டால் விரலில் பொடி ஒட்டுகிறது. சுவர் நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன.

ஆனால் கொழும்புக்குப் போகிற வழியே ஒரு காலத்தில் இதுதான். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும்வரை தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறவேண்டும். அப்புறம் எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறினால் இங்கே இறங்கி, கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்! மீட்டர் கேஜ் தண்டவாளம் போட்ட இந்த மணல்திட்டில் அன்றைக்கு எவ்வளவு பெட்டி படுக்கை இறங்கியிருக்கும்.

1964 டிசம்பர் 22 இரவு, புயலில், பாம்பனில் கிளம்பிய பாசஞ்சர் ரயில் இங்கே வந்து சேரவேயில்லை. ஸ்டேஷன் கிட்டத்தில் வரும்போது அலை வாரிக்கொண்டு போய்விட்டது, நூறு பேருக்கு மேல், ஒருவரும் மிஞ்சவில்லை. சேதமான பாம்பன் பாலத்தை ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள், இந்தப் பக்கத் தண்டவாளத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஊரையே ஆள் வசிக்க லாயக்கில்லை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அலைச் சத்தம் கேட்டால் வயிற்றை என்னவோ செய்கிறது.

காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் மணல் சுடும், இருட்டினால் அங்கே இருக்க விடமாட்டார்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். குடிசைக் கடைகளில் பொரித்த மீன் அருமை, விலையை மட்டும் உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.