எக்ஸ்சேஞ்சில் பைக் மாற்ற நினைக்கும் வட சென்னைக்காரர்கள் கவனத்திற்கு

தண்டையார்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு டூவீலர் கன்சல்டிங் கடையில், என் பல்சர் 150-ஐக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு பணமும் கட்டி, பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 ஒன்றை எடுத்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

பல்சர் நல்ல வண்டிதான். ஆனால் எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அன்றாடம் போய்வருவதற்கும், விடுமுறையில் மனைவியுடனும் மூட்டைமுடிச்சுடனும் ஜவ்வாது மலை ஏறுவதற்கும் அதன் இழுவை போதவில்லை. ஹிமாலயனுக்கு 411 சிசி இன்ஜின், 15 லிட்டர் டேங்க், பள்ளங்களில் அடிதட்டாத 220 மில்லிமீட்டர் இடைவெளி. என்ஃபீல்டு ஆலை இருக்கும் திருவொற்றியூரில் வளர்ந்தவனுக்கு அந்தப் பெயர்மீது கொஞ்சம் கூடுதல் பிரியம் இருப்பதும் இயல்புதானே.

கடைக்காரர் பல்சரின் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டையும் எடுத்து வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலால் சிறு டிக் அடித்திருந்தார். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் காலியாகவே இருந்தன. "பார்ட்டி வந்ததும் நாங்களே ஃபில் பண்ணிக்கிறோம் சார், பெயர் மாத்தினதும் மெசேஜ் வரும்" என்றார். வந்தது வேறு மெசேஜ். கொடுங்கையூரில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதற்காக என் பழைய பதிவெண்ணுக்கு 1,000 ரூபாய் அபராதம்.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். ஆனால் அந்த வண்டி யார்மீதாவது மோதியிருந்தால் நிலைமை வேறு. வண்டியை விற்றுக் கைமாற்றிவிட்டாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள்ளேயே விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காலிப் படிவத்தில் வாங்குபவர் என்று ஒருவரே இல்லாததால், கடைக்காரருக்கு இந்தக் கெடு எதுவும் உறைப்பதில்லை.

வாங்கிய வண்டியின் கதை இதைவிட மோசம். மீட்டர் 19,000 கிலோமீட்டர் காட்டியது. ஆனால் முன்பக்க பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விரலை வைத்தால் நகம் தட்டும் அளவுக்கு விளிம்பு எழும்பியிருந்தது, அவ்வளவு தேய்மானம் நிறைய ஓடிய வண்டியில்தான் இருக்கும். சந்தேகப்பட்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைக் கொடுத்துப் பழைய ஜாப் கார்டைப் பார்க்கச் சொன்னபோது, முந்தைய உரிமையாளர் கடைசியாக விட்ட சர்வீஸிலேயே 40,000-ஐத் தாண்டியிருந்தது தெரிந்தது. போதாக்குறைக்கு, ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் எச்.பி. (வண்டி கடன் அடமானத்தில் இருப்பதைக் காட்டும் பதிவு) இன்னும் நீக்கப்படவில்லை, அவர்களின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), அந்தப் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் இல்லாமல் என் பெயருக்கு மாற்ற வழியில்லை.

இரண்டு வண்டிகளையும் ஒரே பேரமாக முடிச்சுப் போடுவதில்தான் இவர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. பல்சரின் பெயர் மாற்றத்தைக் கேட்டால், "ஹிமாலயன் பேப்பர் வரட்டும், சேர்த்து முடிச்சிடலாம்" என்பார்கள், ஹிமாலயனின் என்.ஓ.சி.யைக் கேட்டால், உங்கள் வண்டிக்கு இன்னும் பார்ட்டி அமையவில்லை என்பார்கள். எக்ஸ்சேஞ்சில் பழைய வண்டிக்குக் கூடுதல் விலை தருவதாகச் சொல்வதும் கண்துடைப்பே, அந்தத் தொகை நீங்கள் எடுக்கும் வண்டியின் விலையில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறது. விற்பதைத் தனியாக, வாங்குபவரை நேரில் பார்த்து, அவர் பெயரையும் தேதியையும் எழுதிய பிறகே கையெழுத்திட்டு முடியுங்கள். கடையில்தான் விற்க வேண்டுமென்றால், 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற வியாபாரியா என்று கேளுங்கள். அப்படியானால் வண்டியை ஒப்படைத்த விவரத்தைப் படிவம் 29சி மூலம் இணையத்தில் பதிவு செய்து, ஒப்புகையை வாங்கிக்கொள்ளலாம். நான் கேட்டபோது எங்கள் கடைக்காரர் அப்படியொரு படிவமே கிடையாது என்று சாதித்தார்.

காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருக்கிறார்கள், அதன் நகலை ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் சேர்த்திருக்கிறேன். பல்சர் யாரிடம் இருக்கிறது என்பதைக் கடைக்காரர் இதுவரை சொல்லவில்லை.