9 வருஷமா எங்க வீட்ல இருக்கற பித்தளை தாரா: புளி, உப்புக்காத்து, உள்ள இருக்கற மந்திரச் சுருள்

எங்க வீட்டு பச்சைத் தாரா வந்தது 2016 கடைசியில. தாரான்னா நேபாள், திபெத் பௌத்தர்கள் கும்பிடற பெண் தெய்வம். வேலை விஷயமா ரெண்டு வருஷம் நேபாள்ல லலித்பூர்ல இருந்தேன், பாடன்னும் சொல்வாங்க, காத்மாண்டுல இருந்து பாக்மதி ஆத்தைத் தாண்டினா வந்துரும். அங்க ஓகு பஹால் பக்கம் சந்துக்குள்ள நடந்தாலே உளிச்சத்தம் கேக்கும், நேவார் சமூகத்துல ஷாக்யா குடும்பங்க தலைமுறை தலைமுறையா சிலை வார்க்கற இடம் அது. 1260ல இந்தக் காத்மாண்டு பள்ளத்தாக்குல இருந்து திபெத்துக்குப் போன அரனிகோன்னு ஒரு சிற்பி அப்படியே மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் அரசவை வரைக்கும் போய் பெய்ஜிங்ல வெள்ளை ஸ்தூபி கட்டினார், அந்த ஊர் கைவேலைக்கு அவ்வளவு மதிப்பு.

நான் வாங்கினது 9 இஞ்ச் சிலை, கிட்டத்தட்ட 3 கிலோ, 14,400 நேபாள ரூபா, நம்ம காசுக்கு 9,000. தங்க முலாம் கிடையாது, முகத்துக்கு மட்டும் தங்கப்பொடியை பசையில குழைச்சு பூசி, கண்ணும் உதடும் வரைஞ்சு, முடிக்கு நீலம் போட்டிருந்தாங்க. ஊருக்கு எடுத்துட்டு வரணும்னா அங்க தொல்லியல் துறையில காட்டி இது பழைய சிலை இல்லன்னு சர்டிபிகேட் வாங்கணும், 100 வருஷத்துக்கு மேல பழசுன்னா வெளிய விடமாட்டாங்க. வாங்கறவங்க அந்த பேப்பர் இல்லாம ஏர்போர்ட் போகாதீங்க.

எந்தச் சிலை வாங்கறதுன்னு எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. எல்லாத்தையும் புத்தர்னு தான் நினைச்சிருந்தேன். ஒருத்தர் கையில கத்தியும் பக்கத்துல தாமரை மேல புஸ்தகமும் இருந்தா அறிவுக்கான மஞ்சுஸ்ரீ, குண்டா உக்காந்து கையில கீரிப்பிள்ளை வச்சிருந்தா செல்வத்துக்கான ஜம்பலர், அந்தக் கீரி வாயில இருந்து ரத்தினமா கக்கும். மருந்து புத்தர் கையில ஒரு காய் இருக்கும் பாருங்க, அது என்னன்னு கேட்டா ஹரீதகின்னாங்க, நம்ம கடுக்காய் தான்! அதைக் கேட்டதும் மனசுக்கு ரொம்ப நெருக்கமா ஆயிருச்சு, பாட்டி டப்பாவுல இருந்த கடுக்காய் இங்க புத்தர் கையில இருக்கு.

ஆனா தாராவைப் பார்த்ததும் வேற எதுவும் தோணல. இடது காலை மடிச்சு உக்காந்திருப்பா, வலது கால் மட்டும் கீழ இறங்கி ஒரு சின்னத் தாமரை மேல இருக்கும். யாராவது கூப்பிட்டா உடனே எந்திரிச்சு வரணும்ல, அதுக்குத் தான் அந்தக் கால் அப்படி. வலது கை வரம் குடுக்கற வரத முத்திரை, இடது கையில நீலோத்பலம்னு சொல்ற நீல ஆம்பல் பூவோட காம்பு, அந்தக் கையில நிமிர்ந்து நிக்கற மூணு விரலும் புத்தம் தம்மம் சங்கம். சிங்கம், யானை, தீ, பாம்பு, திருடன், சிறை, வெள்ளம், பேய்னு எட்டு பயத்துல இருந்து காப்பாத்தறவன்னு சொல்வாங்க. 2015 பூகம்பத்துக்கு அடுத்த வருஷம் அது, வீதியில முட்டு கொடுத்த சுவருங்க இன்னும் அப்படியே நின்னுச்சு, அந்த ஊர்ல நின்னு எட்டு பயம்னு கேக்கறப்போ உடம்பு சிலிர்த்துச்சு.

இப்ப சொல்லப்போறது தான் முக்கியம், பராமரிப்பு முழுக்க இதுல தான் இருக்கு. சிலை உள்ள காலியா இருக்கும். களிமண் கருவைச் சுத்தி தேன்மெழுகும் மரப்பிசினும் கலந்து உருவம் பிடிச்சு, மேல சாணி கலந்த மண்ணும் உமி கலந்த மண்ணும் அப்பி காயவச்சு, சூடு பண்ணி மெழுகை வழியவிட்டு, அந்த இடத்துல உருக்கின பித்தளையை ஊத்தறாங்க. கடைசியில அச்சை உடைச்சா தான் சிலை வெளிய வரும், அதனால ஒரு அச்சுக்கு ஒரு சிலை தான். (பாடன் மியூசியத்துல இதை படிப்படியா வச்சிருக்காங்க, போனா தவறவிடாதீங்க.) வாங்கினதும் காத்மாண்டுல பெரிய ஸ்தூபி இருக்கற பௌத்தநாத்ல ஒரு மடத்துல குடுத்தேன், உள்ள மந்திரம் எழுதின காகிதச் சுருளை நிரப்பறதுக்கு. நடுவுல ஒரு மரக்குச்சி உயிர்த்தண்டு மாதிரி நிக்கும், அதைச் சுத்தி குங்குமப்பூ தண்ணி தடவின மந்திரச் சுருள்களை இறுக்கமா அடுக்கினாங்க, ஒரு சுருள் கூட தலைகீழா போகக்கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் பார்த்துப் பார்த்து வச்சாங்க. அப்புறம் அடியில செம்புத் தகடு, அதுல ரெண்டு வஜ்ரம் (பௌத்தத்துல இடி ஆயுதச் சின்னம்) குறுக்க வரைஞ்சிருக்கும். அந்தத் தகடை என்ன ஆனாலும் நோண்டிப் பார்க்கக்கூடாது. அதாவது உள்ள முழுக்க பேப்பர், வெளிய தான் பித்தளை. இதை மனசுல வச்சுக்கிட்டு அடுத்ததைப் படிங்க.

2018ல சென்னைக்கு வந்தோம், கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. ஆறு மாசத்துல சிலை கருக்க ஆரம்பிச்சுது. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆபீஸ் முடிஞ்சு வந்தா அம்மா சந்தோஷமா, "விளக்கு தேய்க்கறப்போ உன் தாராவையும் சேர்த்து புளி போட்டு தேய்ச்சிட்டேன்டி, பாவம் கருத்துப்போய் உக்காந்திருந்தா, இப்ப பாரு எப்படி பளபளன்னு இருக்கா"ன்னு சொன்னாங்க. பார்த்தா முகமே இல்ல. தங்கப்பூச்சு போயி, கண்ணு போயி, உதட்டுல மட்டும் ஒரு ஓரமா சிவப்பு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வலது முழங்கால்லயும் மூக்கு நுனியிலயும் ரோஸ் கலர்ல திட்டுத்திட்டா இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி நான் அழுதேன், அம்மா மேல கோவம் இல்ல, அவங்க நம்ம வீட்டு அம்மனுக்கு செய்யறதைத் தான் செஞ்சாங்க, நான் தான் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கணும்.

அந்த ரோஸ் கலர் ஏன்னா, பித்தளைங்கறது செம்பும் துத்தநாகமும். புளியில இருக்கற அமிலம் கருப்பைக் கரைக்கறதோட நிக்காம மேல்பரப்புல இருக்கற துத்தநாகத்தையும் இழுத்துட்டுப் போயிரும், மிஞ்சறது செம்பு. குத்துவிளக்குக்கு இது பெரிய விஷயமில்ல, அது தேய்க்கறதுக்குன்னே செஞ்சது, கனமா இருக்கும். சிலையில உளியால ஒரு மயிரிழை ஆழத்துக்கு பூவேலை செஞ்சிருக்காங்க, ஒவ்வொரு தேய்ப்புக்கும் அது மழுங்கும். கடையில விக்கற மெட்டல் பாலிஷும் வேண்டாம், சிலதுல அம்மோனியா இருக்கும், பித்தளைக்கு அது ஆகவே ஆகாது. பிரிட்டிஷ் காலத்துல இந்தியாவுல குதிரை லாயத்துல வச்சிருந்த தோட்டாக்களோட பித்தளை உறை மழைக்காலத்துல தானா விரிசல் விட்டுச்சாம், குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அம்மோனியா தான் காரணம்னு 1921ல தான் தெளிவாச்சு.

2019ல மறுபடியும் பாடன் போற வாய்ப்பு வந்தப்போ துணியில சுத்தி மடியிலயே வச்சு எடுத்துட்டுப் போனேன். மடத்துல அடித்தகடைப் பிரிச்சாங்க. கீழ் வரிசை சுருள் எல்லாம் ஈரம் ஏறி கருப்பா பூஞ்சை பிடிச்சிருந்துச்சு, தேய்ச்சுக் கழுவின தண்ணி தகடு இடுக்கு வழியா உள்ள போயிருக்கு. அந்தச் சுருளை கையில வாங்கறப்போ இருந்த கனம் எனக்கு இன்னும் மறக்கல. புதுசா அடுக்கிக் குடுத்தாங்க. முகம் வரையறவர் ஒரு மத்தியானம் முழுக்க வேலை செஞ்சார், எல்லாம் முடிச்சு கடைசியா தான் கண்ணு திறந்தார். ரோஸ் திட்டை என்ன பண்றதுன்னு கேட்டதுக்கு, தொடாதீங்க, தானா கருக்கும்னு மட்டும் சொன்னார்.

அதுக்கப்புறம் ஆறு வருஷமா நான் செய்யறது இவ்வளவு தான். வாரத்துக்கு ஒரு தடவை புது மேக்கப் பிரஷ் ஒண்ணால தூசி தட்டறது, முகத்துல பிரஷ் கூட படாம காத்து மட்டும் ஊதறது. தூக்கணும்னா பருத்தித் துணி வச்சு ரெண்டு கையால பீடத்தைப் பிடிச்சு தூக்கறது, வெறுங்கையால பிடிச்சா விரல் வேர்வையோட உப்பு அப்படியே ரேகையா பதிஞ்சிரும். கையில இருக்கற பூக்காம்பைப் பிடிச்சு தூக்கவே கூடாது, வீடு மாத்தறப்போ ஒருத்தர் அப்படி தூக்கி அது ஒரு நெல்லு அளவு வளைஞ்சது, நிமிர்த்தினா ஒடிஞ்சிரும்னு அப்படியே விட்டுட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை, வெயில் காலத்துல, டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்சு பிழிஞ்ச பட்ஸால மடிப்பு மடிப்பா ஒத்தி எடுத்து, நல்லா காஞ்சப்புறம் மியூசியத்துல பயன்படுத்தற மைக்ரோகிரிஸ்டலைன் வாக்ஸ் மெல்லிசா, பெயின்ட் இல்லாத இடத்துல மட்டும். எண்ணெய் தடவறது வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குல எண்ணெய் வழியற இடத்துல பச்சையா பிசுபிசுன்னு படியும்ல, எண்ணெயும் செம்பும் சேர்ந்தா அது தான் வரும். குங்குமம் சந்தனம் சிலை மேல வைக்கறதில்ல, முன்னாடி ஒரு கிண்ணத்துல. பூவும் அப்படித்தான். தீபம் ஒரு முழம் தள்ளி.

எல்லா பச்சையும் ஒண்ணு இல்லங்கறதையும் சொல்லிடறேன். பழுப்பாவோ கரும்பச்சையாவோ கெட்டியா, சீரா படிஞ்சிருந்தா அது சிலைக்கு போர்வை மாதிரி, விட்டுருங்க. வெளிர் பச்சையா பவுடர் மாதிரி புள்ளி புள்ளியா வந்து, தட்டினா உதிர்ந்து, திரும்பவும் அதே இடத்துல வந்தா அது உப்பு வேலை, ஈரம் இருக்கற வரைக்கும் உலோகத்தைத் தின்னுட்டே போகும். எனக்கு 2021 மழைக்காலத்துல பீடத்தோட தாமரை இதழ் இடுக்குல மூணு புள்ளி வந்துச்சு. மூங்கில் பல்குச்சியால மெதுவா சுரண்டி எடுத்து, கண்ணாடி அலமாரிக்குள்ள சிலிக்கா ஜெல் பை வச்சு மூடினேன், மாசம் ஒரு தடவை பையை மாத்தறேன், அதுக்கப்புறம் வரல.

எழும்பூர் மியூசியம் வெண்கலக் கூடத்துல நாகப்பட்டினத்து புத்தர்களைப் போய் பாருங்க, 1856ல இருந்து அந்த ஊர்ல சுமார் 350 உலோகச் சிலைங்க கிடைச்சிருக்கு, ராஜராஜ சோழன் காலத்துல சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசர் கட்டின சூடாமணி விகாரம்ங்கற பௌத்த மடம் இருந்த ஊராச்சே. அந்த புத்தர்களோட தலை உச்சியில சின்னதா ஒரு தீக்கொழுந்து இருக்கும். அந்தக் கரும்பழுப்பு நிறத்துக்கு முன்னாடி அம்மாவைக் கூட்டிட்டுப் போய் நிக்க வச்சேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "கருப்பா இருந்தா தான் மூஞ்சி தெரியுது"ன்னாங்க.

இப்ப முழங்கால் திட்டு கிட்டத்தட்ட மத்த இடத்தோட கலந்துருச்சு, மூக்கு நுனியில மட்டும் வெயில் படறப்போ லேசா தெரியும். வெள்ளிக்கிழமை விளக்கு தேய்ச்சு முடிச்சு கையை நல்லா துடைச்சுக்கிட்டு அம்மா தான் பிரஷ் எடுத்துட்டு வந்து உக்காருவாங்க, முதல்ல அந்த இறங்கின வலது கால்ல இருந்து தான் ஆரம்பிப்பாங்க.