சிவப்பு வட்டம் சாம்பலாகும்வரை பொறுங்கள்: ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ பல சுற்று ஆடியபின்

2005இல் வந்த ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்: ரோட் டு ஹில் 30’ என்ற போர்க் கணினி விளையாட்டு பழைய லாப்டொப்பிலும் ஓடும். நிறுவியபின் கதைப்பகுதிக்கு இணையம் தேவையில்லை. சிக்னல் ஒரு கோடாய்ச் சுருங்கும் முல்லைத்தீவின் துணுக்காய்ப் பக்கத்துக்கு அதுவே பெரிய வசதி.

இரண்டாம் உலகப்போரில், 1944 ஜூன் 6 முதல் 13 வரை, பிரான்சின் நோர்மண்டியில் அமெரிக்க 101ஆம் வான்குடைப் படைப்பிரிவின் சார்ஜன்ட் மற் பேக்கராக ஆடுகிறீர்கள். தனியாளாகச் சுட்டு வெல்ல நினைத்தால் இரண்டு நிமிடம் தாங்காது. துவக்கின் குறி வேண்டுமென்றே தளம்பும்படி செய்திருக்கிறார்கள். உங்கள் ஆயுதம் அணிதான்: சூட்டாதரவு அணி ஒன்று, தாக்குதல் அணி ஒன்று, சில கட்டங்களில் டாங்கியும் வரும்.

எதிரியின் தலைக்கு மேலே சிவப்பு வட்டம் தெரியும். சூடு விழ விழ அது சாம்பலாகும். முழுக்கச் சாம்பலானவன் தலை தூக்கிக் குறிபார்க்க மாட்டான். சூடு நின்றால் கொஞ்ச நேரத்தில் சிவப்பு மறுபடி நிரம்பிவிடும். அதனால் முதலில் சூட்டாதரவு அணியை மதிலுக்குப் பின்னால் இருத்திச் சுடச் சொல்லுங்கள். வட்டம் சாம்பலானபின்தான் மற்ற அணியோடு பக்கவாட்டால் சுற்றுங்கள். அங்கே வயல்களைப் பிரிப்பது மண் அணைமேல் அடர்ந்த வேலி, நம் குளக்கட்டில் பற்றை மண்டியதுபோல. சுற்றும் வழி பெரும்பாலும் அதன் மறைவில்தான் கிடக்கும். தெரியாவிட்டால் மேலிருந்து பார்க்கும் வரைபடத்தைத் திறவுங்கள், ஆட்டம் நின்று காத்திருக்கும்.

ஆட்கள் அநியாயமாய்ச் சாவது இரண்டு தவறால். வட்டம் பாதி சிவப்பாக இருக்கும்போதே பாயச் சொல்வது ஒன்று. அணி போகவேண்டிய இடத்தைக் காட்டும் கட்டளை வளையத்தை மதிலின் எதிரிப் பக்கத்தில் வைத்துவிடுவது மற்றது. சொன்ன இடத்துக்கே போய் வெளியில் நிற்பார்கள்.

கதையின் பலம் இருப்பது கட்டங்களுக்கு இடையில் நடக்கும் சின்னப் பேச்சுகளில். பெயர் தெரிந்தபின் ஒருவனை வெளியே அனுப்பக் கை தயங்கும். ஆனால் பலமுறை ஆடினால் ஒட்டுத் தெரிகிறது: உங்கள் பிழையால் செத்தவன் அடுத்த கட்டத்தில் எழுந்து வருகிறான், கதை சாகடிப்பவனை எவ்வளவு கவனமாய் ஆடினாலும் காப்பாற்ற முடியாது. கதைக்கும் ஆட்டத்துக்கும் இடையில் விழுந்த இந்த வெடிப்பு எனக்கு இன்னும் உறுத்தல்தான். எதிரிகளும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருப்பதால் மூன்றாம் சுற்றில் எல்லாம் மனப்பாடம். அதே ஆண்டில் இதன் தொடர்ச்சியாக வந்த ‘ஏர்ன்ட் இன் பிளட்’டில் எதிரியும் உங்களைச் சுற்றி வளைக்கப் பார்ப்பான்.

நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது, குறித்த இடங்களில் தானாகச் சேமிக்கும். கரண்ட் நிற்கும் ஊரில் பற்றரி நல்ல லாப்டொப் அல்லது யுபிஎஸ் வேண்டும். ஷெல் சத்தம் தத்ரூபம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஹெட்செட் போடாமல் ஆடவேண்டாம்.

ஆகக் கடினமான நிலையில் அந்த வட்டங்களே இருக்காது. எதிரி ஒடுங்கிவிட்டானா என்பதை அவன் சூடு குறைவதை வைத்துத்தான் கணிக்கவேண்டும். முதல் சுற்றிலேயே அதில் கைவைக்காதீர்கள்.