அரசியல் பேச்சைக் கற்க நான்கு பழைய வழிகள்: எது தேறும்?

கி.மு. நான்காம் நூற்றாண்டு ஏதென்ஸில் ஐசாக்ரட்டீஸிடம் பேச்சுக்கலை படிக்க ஆயிரம் டிராக்மா கட்டணம் என்று, பின்னாளில் பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய புளூட்டார்க் சொல்கிறார். அன்று ஒரு தொழிலாளியின் நாள்கூலி ஒன்றோ இரண்டோ டிராக்மாதான். படிப்பு முடிய மூன்று நான்கு வருடம் ஆகும். இருந்தும் பெரிய இடத்துப் பிள்ளைகள் தேடி வந்தார்கள். தளபதி திமோத்தியஸ் அவருடைய மாணவர், வரலாறு எழுதிய தியோபாம்பஸும் அவருடைய மாணவர் என்பார்கள்.

அரசியல் பேச்சை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற போட்டி அப்போதே தொடங்கிவிட்டது. அதில் நான்கு வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: ஐசாக்ரட்டீஸின் கட்டணப் பள்ளி, அரிஸ்டாட்டிலின் வகுப்பு, பெரிய வழக்கறிஞர் ஒருவரின் பின்னால் நடந்து கற்கும் ரோமானிய வழக்கம், ரோமின் கற்பனை வழக்குப் பயிற்சிப் பள்ளி. அழகாகப் பேச வைத்ததா என்று நான் பார்க்கப்போவதில்லை. "உன் பேச்சை நான் ஏற்க மாட்டேன்" என்று சொல்லக்கூடிய ஆட்களின் முன்னால் மாணவனை எப்போது நிறுத்தியது என்பதே என் அளவுகோல்.

ஐசாக்ரட்டீஸுக்குக் குரல் வளம் இல்லை, கூட்டத்தின் முன் நிற்கும் துணிச்சலும் இல்லை. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அதனால் அவர் பள்ளியில் பேச்சு என்றால் பெரும்பாலும் எழுத்துதான். கி.மு. 380-ல் வெளிவந்த ஒரே ஒரு உரையைச் செதுக்க அவருக்குப் பத்து வருடம் ஆனது என்று பழைய ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பத்து வருடத்தில் எந்த ஊர் அரசியலும் தலைகீழாகிவிடும்! ஆனாலும் அவரிடம் நல்ல விஷயம் ஒன்று உண்டு. எழுதிய உரையை மாணவர்களோடு உட்கார்ந்து படித்துத் திருத்துவார். முதுமையில் எழுதிய உரையொன்றில் ஸ்பார்ட்டாவைத் தாக்கியிருந்தார். ஸ்பார்ட்டாவின் பக்கம் சாய்ந்த பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டி, அவர் சொன்ன மறுப்பையும் அந்த உரைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். என் அளவுகோலில் அவருக்கு மதிப்பெண் கிடைப்பது இந்த ஒரு இடத்தில்தான். இயல்பான திறமை முதலில், பயிற்சி அடுத்து, ஆசிரியரின் பாடம் கடைசியில்தான் என்று கட்டணம் வாங்கிக்கொண்டே சொன்ன நேர்மையும் பிடித்திருக்கிறது.

அரிஸ்டாட்டில் ஏதென்ஸில் வெளியூர்க்காரர். பொதுச்சபையில் ஏறிப் பேச அவருக்கு உரிமையே கிடையாது. ஐசாக்ரட்டீஸ் பேசிக்கொண்டிருக்கும்போது தான் வாயை மூடிக்கொண்டிருப்பது வெட்கம் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சுக்கலை வகுப்பைத் தொடங்கினார் என்று ஒரு கதை உண்டு. ஒவ்வொரு விஷயத்திலும் நம்பவைக்கக்கூடிய வழிகள் என்னென்ன இருக்கின்றன என்று கண்டுகொள்ளும் ஆற்றலே பேச்சுக்கலை என்பது அவர் தந்த விளக்கம். பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, வாதம் என்ற மூன்று கால்களை எல்லாப் பாடப்புத்தகமும் திரும்பத் திரும்பச் சொல்லும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அவருடைய பேச்சுக்கலை நூலின் முதல் புத்தகத்தில் வரும் ஒரு பட்டியல். பொதுச்சபையில் பேச வருகிறவன் வரி வருவாய், போரும் சமாதானமும், நாட்டின் காவல், ஏற்றுமதி இறக்குமதி, சட்டமியற்றல் ஆகிய ஐந்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறார். ஊருக்கு எவ்வளவு தானியம் தேவை, எவ்வளவு விளைகிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை? இன்றைய மேடைப் பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் இந்தப் பாடம் அநேகமாகக் கிடையாது. கையை எப்படி அசைப்பது என்பது மட்டும் இருக்கும்.

ஆனால் அந்தக் கை அசைப்பு, குரல் ஏற்ற இறக்கம் எல்லாம் அரிஸ்டாட்டிலுக்குக் கொஞ்சம் மட்டமான விஷயம். கேட்பவர்கள் சரியில்லாததால் வேறு வழியின்றித் தொட வேண்டியிருக்கிறது என்ற தொனியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இதில் அவர் தவறினார் என்றே நினைக்கிறேன். காரணம், ஏதென்ஸின் பெரும் பேச்சாளராக ஆன டெமாஸ்தனீஸ்.

ஏழு வயதில் அப்பாவை இழந்து, சொத்தைக் காப்பாளர்கள் சுருட்டியதால் வழக்குப் போட்டாக வேண்டிய இளைஞர் அவர். ஐசாக்ரட்டீஸிடம் போகாமல் ஐசேயஸிடம் போனார். கட்டணம் கட்ட முடியவில்லை என்பது ஒரு காரணம். காரியத்துக்கு உதவும் பேச்சு ஐசேயஸிடம் இருந்தது என்பது இன்னொரு காரணம். புளூட்டார்க் இரண்டையும் சொல்கிறார். ஐந்தில் ஒரு பங்கு பாடத்துக்கு 200 டிராக்மா தருகிறேன் என்று டெமாஸ்தனீஸ் கேட்டதாகவும், நல்ல மீனைத் துண்டு போட்டு விற்பதில்லை என்று ஐசாக்ரட்டீஸ் மறுத்ததாகவும் ஒரு கதை. ஐசேயஸ் வாரிசுரிமை வழக்குகளில் கெட்டிக்காரர். அவரிடம் கற்றதை வைத்து டெமாஸ்தனீஸ் காப்பாளர் மேல் போட்ட வழக்கில் ஜெயித்தார், கைக்கு வந்த பணம் கொஞ்சம்தான். அப்புறம் பொதுச்சபையில் ஏறியபோது மக்கள் சிரித்துக் கத்தி அவரை இறக்கிவிட்டார்கள். சத்தைரஸ் என்ற நடிகர்தான் அவரை ஒரு நாடக வசனம் சொல்லச் சொல்லி, அதையே தான் நடித்துக் காட்டி, வித்தியாசம் எங்கே என்று புரியவைத்தார். வாயில் கூழாங்கல், கடலலையின் முன் கத்திப் பழகியது எல்லாம் அதன் தொடர்ச்சி. பேச்சில் முதன்மையானது எது என்று கேட்டபோது "சொல்லும் விதம்" என்றாராம். இரண்டாவது, மூன்றாவது? அதே பதில். கி.மு. 351-ல் மாசிடோனியா மன்னர் பிலிப்புக்கு எதிராக அவர் எழுந்தபோது எதிரே இருந்தது, சண்டைக்குப் போகவோ காசு செலவழிக்கவோ மனமில்லாத கூட்டம். 346-ல் ஐசாக்ரட்டீஸ் அதே பிலிப்புக்கு, கிரேக்கர்களை ஒன்றுசேர்த்துப் பாரசீகத்தின் மேல் படையெடுக்கச் சொல்லித் திறந்த கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். யார் சொன்னது சரி என்பது வேறு விவாதம். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னது ஒருவர் மட்டுமே.

சரி, ரோமுக்கு வருவோம். அங்கே பழைய வழக்கம் எளிமையானது. பையன் வயதுக்கு வந்ததும் அப்பா அவனை ஒரு மூத்த அரசியல்வாதியிடம் கொண்டுபோய் விடுவார். அவர் வீட்டில் யார் வருகிறார்கள், என்ன ஆலோசனை கேட்கிறார்கள், மன்றத்தில் (வழக்கும் அரசியலும் நடந்த ஊர்ப் பொதுவெளியில்) எப்படிப் பேசுகிறார் என்று பக்கத்திலிருந்தே பார்த்துக் கற்க வேண்டியதுதான். பிற்பாடு ரோமின் பெரும் பேச்சாளரான சிசரோவை அவருடைய அப்பா சட்ட வல்லுநர் ஸ்கீவோலாவிடம் விட்டது அப்படித்தான். என் அளவுகோலில் இதற்கே முதலிடம். பேச்சு எப்போது எடுபடவில்லை, ஏன் எடுபடவில்லை என்பதைப் பையன் கண்ணாலேயே பார்க்கிறான். ஆனால் ஆள் தெரிந்த குடும்பத்துப் பையனுக்குத்தான் இந்தக் கதவு திறக்கும். கி.மு. 92-ல் லத்தீனில் பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களை, முன்னோர் வழக்கத்துக்குப் புறம்பானவர்கள் என்று கண்டித்து அதிகாரிகள் ஆணை போட்டார்கள். அந்த அதிகாரிகளில் ஒருவர் அன்றைய தலைசிறந்த பேச்சாளர் கிராசஸ். காசு கொடுத்தால் யாரும் கற்கலாம் என்றாவதில் மேல்தட்டுக்கு உறுத்தல் இருந்திருக்கும் என்று சந்தேகப்படாமல் இருக்க முடியவில்லை. பெண்களுக்கோ கதவே இல்லை. கி.மு. 42-ல் பணக்காரப் பெண்கள் மேல் போட்ட வரியை எதிர்த்து மன்றத்தில் பேசிய ஹோர்டென்சியா பெரிய பேச்சாளர் ஒருவரின் மகள். இந்த நான்கு வழியில் எதிலும் அவருக்கு இடம் இருந்திருக்காது.

குடியரசு போய்ப் பேரரசு வந்ததும் நான்காவது வழி ஓங்கியது. கற்பனை வழக்கு ஒன்றைக் கொடுப்பார்கள், மாணவன் ஒரு பக்கம் எடுத்துப் பேச வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று: கடற்கொள்ளையரிடம் சிக்கிய இளைஞனை அப்பா மீட்கவில்லை, கொள்ளைத் தலைவனின் மகள், தன்னைக் கட்டிக்கொள்வதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு தப்பிக்க வைக்கிறாள், ஊர் வந்ததும் அவளை விட்டுவிட்டு ஒரு சொத்துக்காரியைக் கட்டு என்கிறார் அப்பா, பையன் மறுக்க, சொத்தில்லை என்று விலக்குகிறார். யார் பக்கம் பேசுகிறாய்? கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிக் கொடுங்கோலர்களையும் கொள்ளையர்களையும் வைத்தே பழகியவன் உண்மை வழக்கில் என்ன செய்வான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் நூலில் ஒருவர் கேட்கிறார். பதில் பேச்சுப் பயிற்சி ஆசிரியர் போர்சியஸ் லாட்ரோவின் கதையில் இருக்கிறது. பயிற்சி மண்டபத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஸ்பெயினில் உறவினருக்காக உண்மையான வழக்கில் எழுந்தபோது முதல் வாக்கியத்திலேயே இலக்கணப் பிழை. திறந்தவெளி அவரைக் கலங்கடித்துவிட்டது. விசாரணையைக் கூரைக்குள் மாற்றச் சொல்லிக் கேட்ட பிறகுதான் நிதானத்துக்கு வந்தார்.

இன்றைய பல்கலைக்கழக விவாதப் போட்டிகள் இந்த நான்காம் வழிக்குத்தான் நெருங்கிய சொந்தம். பிரிட்டிஷ் பாராளுமன்ற வடிவத்தில் தலைப்பு கொடுத்துப் பதினைந்து நிமிடம், பக்கம் குலுக்கலில், பேச ஏழு நிமிடம். மறுத்துப் பேச எதிரணி இருப்பதால் லாட்ரோவின் மண்டபத்தைவிட இது மேல். ஆனால் தீர்ப்பு சொல்பவர் விவாதம் அறிந்த நடுவர், விலைவாசியில் எரிச்சலாக இருக்கும் வாக்காளர் அல்ல.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் எடுப்பது, ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் அரசுச் சம்பளம் வாங்கிய ஆசிரியர் குவின்டிலியன் சொன்ன கலவையை. கற்பனை வழக்குப் பயிற்சியை அவர் ஒழிக்கச் சொல்லவில்லை, உண்மைக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். பாடம் முடித்த இளைஞன் ஒரு நல்ல பேச்சாளரைத் தேர்ந்துகொண்டு, வழக்குகளை நேரில் போய்க் கேட்டு, பிறகு அதே வழக்குகளுக்கு இரண்டு பக்க உரையையும் தானே எழுதிப் பார்க்க வேண்டும் என்றார். இதற்கு ஆயிரம் டிராக்மாவும் வேண்டாம், ஸ்கீவோலாவைத் தெரிந்த அப்பாவும் வேண்டாம். இப்போது சட்டமன்ற, நாடாளுமன்ற விவாதங்கள் அச்சிலும் காணொளியிலும் கிடைக்கின்றன. ஒரு பட்ஜெட் விவாதத்தை எடுத்து, உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரரின் உரையை அவரைவிட நன்றாக எழுத முடிகிறதா என்று பாருங்கள். பிறகு அதை அந்தக் கட்சிக்காரர் ஒருவரிடமே படித்துக் காட்டுங்கள்.