'குவாரண்டைன் முடிந்த மீன்' என்ற பெயரில் எனக்கு விற்கப்பட்ட வெல்வெட் நோய்: கடல் மீன் வளர்ப்போர் கவனத்திற்கு

சென்னையில் கடல் மீன் வாங்குகிறவர்கள், 'குவாரண்டைன் முடிந்தது' (தனியே வைத்து நோய்க்கு மருந்து கொடுத்தாயிற்று) என்ற ஒரு சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நுகர்வோர் புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நான் வாங்கியது பவுடர் ப்ளூ டேங் என்ற நீல நிற மீன் ஒன்றும் ஒரு ஜோடி க்ளவுன் மீன்களும். மூன்றும் 30 நாள் காப்பர் (ஒட்டுண்ணிகளுக்கான செம்பு) மருந்தில் இருந்தவை, செவுள் புழுவுக்குப் பிராசிகுவாண்டல் இரண்டு முறை கொடுத்தாயிற்று, நேராகப் பவளத் தொட்டியிலேயே விடலாம் என்று உறுதியளித்து, வழக்கமான விலையைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வாங்கினார்கள். பவுடர் ப்ளூ நம் இந்தியப் பெருங்கடல் மீன்தான். ஆனால் 'இக்' எனப்படும் வெண்புள்ளி நோய்க்கு அதைப் போல் எளிதில் ஆளாகும் மீன்கள் குறைவு. அதனால், யார் என்ன உறுதி சொன்னாலும், புதிய மீனை வேறு அறையில் இருக்கும் தனித் தொட்டியில்தான் முதலில் விடுவேன்.

பையில் வந்த தண்ணீரைச் சோதித்தபோதே சந்தேகம் தட்டியது. கடல்நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவில் இருக்க வேண்டும், உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 1.016 காட்டியது. காப்பர் 0.8 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.8 பங்கு) இருந்தது. தாங்கள் பயன்படுத்துவது கீலேட் செய்த (வேறொரு சேர்மத்துடன் பிணைத்த) காப்பர் என்று கடைக்காரரே சொல்லியிருந்தார். அந்த வகை வேலை செய்ய வேண்டுமானால் 2 முதல் 2.5 பிபிஎம் வரை இடைவிடாமல் நிற்க வேண்டும். (0.5 பிபிஎம் போதும் என்பது அப்படிப் பிணைக்காத அயனிக் காப்பருக்கான கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நம்மிடையேயும் உண்டு.) காப்பர், மீனின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்வதில்லை, அடுத்த மீனைத் தேடி நீரில் நீந்தும் அதன் குஞ்சுப் பருவத்தைத்தான் கொல்கிறது. அரைகுறை அளவில் அந்தக் குஞ்சுகள் குறையுமே தவிர அடியோடு ஒழியாது. கடைக் கண்ணாடியில் மீன் பளபளவென்று தெரியும், வாங்கிப் போனவர் வீட்டில் நோய் வெளிப்படும். உப்பைக் குறைத்து வைப்பதும் இப்படித்தான்: இக்கை அடக்க 1.009 வரை இறக்க வேண்டும், இன்னொரு ஒட்டுண்ணி நோயான வெல்வெட்டுக்கோ அதுவும் பலிக்காது. 1.016-இல் மிச்சமாவது உப்புச் செலவு மட்டுமே.

தொலைபேசியில் கேட்டதற்கு, "காப்பர் எப்பவும் ஓடிக்கிட்டுதான் இருக்கு சார், பையில ஊத்தும்போது குறைஞ்சிருக்கும்" என்றார். பையில் ஊற்றியதும் மறைந்துபோக அது ஆவியா என்ன?

சில நாட்களில் டேங் விளக்கு வெளிச்சத்தைத் தவிர்த்து, பவர்ஹெட் தள்ளும் நீரோட்டத்துக்கு நேராக முகத்தைக் கொடுத்து நின்றது. செவுள் மூடி விடாமல் படபடத்தது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, முதுகுத் துடுப்பின் ஓரத்தில், எண்ணக்கூடிய உப்புக் கற்களாக அல்லாமல், மெல்லிய மஞ்சள் மாவு படிந்தது போலத் தெரிந்தது. காணொளி அனுப்பினேன். பார்த்த வேகத்திலேயே, "சாதாரண இக் சார், பூண்டுச் சாறு கலந்து தீனி போடுங்க" என்று பதில் வந்தது. கூடவே, பவளத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்லி ஒரு மூலிகை மருந்துப் பாட்டிலையும் விற்கப் பார்த்தார்.

மீன்வளம் படித்த நண்பர் ஒருவர் தோலை லேசாகச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். இக் ஒட்டுண்ணியாக இருந்தால் உடல் முழுதும் நுண்மயிர் அசைய மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். நாங்கள் பார்த்தவை பழுப்பு நிறத்தில், பேரிக்காய் வடிவில், அசையாமல் இருந்தன. அது அமைலூடினியம், அதாவது வெல்வெட். இக் மீனைப் பல நாள் விட்டுவைக்கும். வெல்வெட் முதலில் செவுளைப் பிடிப்பதால், தோலில் மாவு தெரிவதற்குள் பாதிக் காரியம் முடிந்திருக்கும். நன்னீரில் குளிப்பாட்டி, காப்பரை உரிய அளவுக்கு ஏற்றியும் டேங் பிழைக்கவில்லை. க்ளவுன்கள் இரண்டும் தப்பின. நேராகப் பவளத் தொட்டியில் விட்டிருந்தால், அங்கே காப்பர் போட வழியில்லாமல், எல்லா மீன்களையும் வெளியே எடுத்து, தொட்டியை குறைந்தது 6 வாரம் மீனின்றிக் காலியாகப் போட நேர்ந்திருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பையிலேயே செத்திருந்தால்தான் ஈடு, உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். நான் கேட்டது மீனின் ஆயுளுக்கு உத்தரவாதம் இல்லை; செய்யாத சிகிச்சைக்கு வாங்கிய பணத்தை. பில்லில் 'மீன் 3' என்று மட்டுமே எழுதியிருந்தது. நல்லவேளையாக, 30 நாள் காப்பர் என்ற பேச்சு வாட்ஸப்பில் எழுத்தாக இருந்ததால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அதை வைத்துப் புகார் பதிய முடிந்தது.

வாங்கப் போகிறவர்கள், மருந்தின் பெயர், எத்தனை பிபிஎம், எத்தனை நாள், இடையில் புது மீன் அதே தொட்டியில் சேர்ந்ததா என்பவற்றைக் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடையின் தொட்டித் தண்ணீரை உங்கள் முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். தேதியிட்ட குறிப்பேடு வைத்திருப்பவர் இதற்கெல்லாம் தயங்க மாட்டார்.

அண்மையில் சென்னையில் இதே உறுதிமொழியுடன் பவுடர் ப்ளூ வாங்கியவர்கள், இன்றே விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். செவுள் படபடப்பு இருந்தால் புள்ளி தெரியட்டும் என்று காத்திராமல் மீனை உடனே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அந்தத் தொட்டியில் பயன்படுத்திய வலையையும் குழாயையும் வேறு தொட்டியில் நனைக்க வேண்டாம்.